துறைமுகத்தின் சாவி: திருகோணமலைக்கு முன்னால் நான்கு வழிகள்

எங்கள் அப்பப்பா திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் பிட்டராக வேலை செய்தவர். பித்தளையில் அடித்த அவருடைய நம்பர் வில்லை இன்னும் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. ஓரமெல்லாம் தேய்ந்துவிட்டது. நாலு என்ற கடைசி இலக்கம் மட்டும் விரலால் தடவினால் தெரியும். 1957இல் பண்டாரநாயக்காவின் அரசாங்கம் பிரித்தானியரிடமிருந்து தளத்தைத் திரும்பப் பெற்றபோது கொழும்பில் கொண்டாடினார்கள். திருகோணமலையில் அப்பப்பாவைப் போல எத்தனையோ பேருக்கு அந்த வருசமும் அடுத்த வருசமும் வேலை போனது. "கொடி மாறினது நல்லதுதான். எங்களிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று அவர் கடைசிவரை சொல்லுவார். மனக்குறை என்று சொல்ல முடியாது. கணக்கில் விடுபட்ட ஒன்றை நினைவூட்டுகிற மாதிரித்தான் சொல்லுவார்.

அதற்குப் பிறகும் யாரும் கேட்கவில்லை. 2022 ஜனவரி 6ஆம் திகதி, எங்கள் துறைமுகத்தை ஒட்டிய சீனக்குடா எண்ணெய்க் குதங்கள் பற்றி இந்தியாவோடு ஒப்பந்தம் கைச்சாத்தானது. மொத்தம் 99 தாங்கிகள். 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் கிளையான லங்கா ஐ.ஓ.சி.யிடம், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மிச்சம் 61 இரு தரப்பும் சேர்ந்த கூட்டுக் கம்பனியிடம். அந்தக் கம்பனியில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம், ஐ.ஓ.சி.க்கு 49 வீதம். குத்தகைக் காலம் 50 ஆண்டு. பிறகு 2025 ஏப்ரல் 5இல், இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி கொழும்பில் நின்ற நாளில், ஐக்கிய அரபு இராச்சியத்தையும் சேர்த்துத் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் உடன்பாடும், பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடு ஒன்றும் கைச்சாத்தாகின. பாதுகாப்பு உடன்பாட்டின் வாசகம் அன்று மக்கள் முன் வைக்கப்படவில்லை. 1987 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் தூக்கிய ஜே.வி.பி.யின் தலைவரே ஜனாதிபதியாக இருக்கும் காலத்தில் இது நடந்தது. கட்சி எதுவானாலும் பெரிய அயலவன் பக்கத்தில் இருந்தால் நாற்காலியில் ஏறியவர் ஒரு நாள் இந்தக் கேள்விக்கு முன்னால் வந்து நிற்கத்தான் வேண்டும்.

சிறிய நாடு பெரிய அயலவனோடு எப்படி வாழ்வது என்பது கொழும்புக் கருத்தரங்குகளில் ஒரு தலைப்பு. எங்களுக்கு அது இந்தக் குடாவை யாருக்கு, எதற்கு, எந்த நிபந்தனையில் திறந்துவிடுவது என்ற கேள்வி. எனக்கு நான்கு வழிகள் தெரிகின்றன. அயலவனிடமே கொடுப்பது. அயலவனுக்குப் பயந்து தூரத்து வல்லரசு ஒன்றைக் கூட்டி வருவது. ஒருவருக்கும் கொடுக்காமல் பூட்டி வைப்பது. ஆயுதம் யாருடையதும் வராது, வியாபாரம் யாரும் செய்யலாம் என்று எழுதி வைத்து, சாவியில் ஒரு பங்கை இங்கே வாழும் மக்களிடம் கொடுப்பது.

இந்தியாவை நான் எப்படிப் பார்க்கிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 1983க்குப் பிறகு எங்கள் சொந்தக்காரர் சிலர் தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில்தான் உயிர் தப்பி இருந்தார்கள். 1987 ஜூன் 4இல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டபோது இங்கே அழுதவர்கள் உண்டு. அதே நாளைச் சிங்கள மக்கள், ஒரு பெரிய நாடு கேட்காமல் எங்கள் வானத்தில் புகுந்த நாளாக நினைவில் வைத்திருக்கிறார்கள். இரண்டும் உண்மை. அடுத்த மாதம் வந்த அமைதி காக்கும் படை மூன்று வருசத்துக்குள் புலிகளோடு போர் செய்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன் சிப்பாய்களை இழந்து, எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் ஆறாத காயத்தை விட்டு, 1990 மார்ச் 24இல் இந்தத் துறைமுகத்திலிருந்துதான் கடைசியாகக் கப்பலேறியது. நேசமும் பயமும் ஒரே வீட்டில் இருக்கிற உறவு இது. அதனால் "இந்தியா நண்பன்", "இந்தியா எதிரி" என்ற இரண்டு சொல்லாலும் எங்களுக்கு ஒரு முடிவும் எடுக்க முடியாது.

அயலவனிடமே கொடுப்பதை முதலில் எடுக்கிறேன். இதை நினைத்தால் எனக்கு ஞாபகம் வருவது செவஸ்தபோல். கருங்கடலில் கிரைமியாவின் தென்மேற்கு முனையில் உள்ள ஆழ்ந்த துறைமுகம். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு அது உக்ரேனுடையதானது. ஆனால் ரஷ்யாவின் கருங்கடல் கப்பற்படை அங்கேயே இருந்தது. 1997இல் இரு நாடும் பேசி 20 வருசக் குத்தகை எழுதின. 2017இல் ரஷ்யப் படை போய்விட வேண்டும். 2010இல் உக்ரேனுக்குப் பண நெருக்கடி. அப்போதைய ஜனாதிபதி யானுகோவிச் ஹார்கிவ் நகரில் வைத்து குத்தகையை 2042 வரை நீட்டிக் கொடுத்தார். பதிலுக்கு ரஷ்ய எரிவாயுவின் விலையில் கழிவு கிடைத்தது. அதை அங்கீகரிக்கக் கூடிய நாளில் நாடாளுமன்றத்துக்குள் முட்டை பறந்தது, புகைக் குண்டு வெடித்தது. குடை பிடித்துக்கொண்டே சபையை நடத்தினார்கள். நான்கு வருசம் கழித்து, 2014இல், குத்தகைக்கு இருந்த படைதான் கிரைமியாவைக் கைப்பற்ற உள்ளே நின்று உதவியது. குத்தகை ஒப்பந்தத்தை ரஷ்யா தானே தூக்கி எறிந்தது. இடத்தையே எடுத்துக்கொண்ட பிறகு வாடகை எதற்கு?

இந்தியா ரஷ்யா இல்லை. சீனக்குடாவில் இந்தியப் போர்க்கப்பல் கட்டி நிற்கவில்லை, இருப்பது ஒரு எண்ணெய்க் கம்பனி. 51 வீதம் எங்களிடம் இருக்கிறது. இந்த வேறுபாடுகளைச் சின்னதாக நினைக்கக் கூடாது, செவஸ்தபோல் என்ற பெயரைச் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இவற்றை விழுங்கிவிடுகிறார்கள். என்னை உறுத்துவது பேரம் நடந்த நேரம். 2010இல் கியேவின் கையில் காசில்லை. 2022 ஜனவரியில் கொழும்பின் கையில் டொலர் இல்லை. முட்டுப்பட்ட நேரத்தில் 50 வருசக் கணக்குப் பேசக் கூடாது என்பது ஊரில் காணி அடகு வைக்கிற எவருக்கும் தெரிந்த விசயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வருசம் ஜூன், ஜூலையில் பெற்றோலுக்கு நாங்கள் கிடந்த வரிசையில், கொஞ்சமாவது எண்ணெய் கிடைத்தது ஐ.ஓ.சி. ஷெட்டில்தான். இரவு பன்னிரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நின்று, விடிய ஏழு மணிக்கு டோக்கன் வாங்கினேன். எனக்கு முன்னால் நின்ற கிண்ணியா நானா ஒருவர் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று கையில் மருந்துத் துண்டோடு நின்றார். அவருக்கு இடம் விட்டோம். அந்த வருசம் இந்தியா கொடுத்த கடனும் உதவியும் ஏறக்குறைய 400 கோடி டொலர். ஆகவே அயலவனோடு கொடுக்கல் வாங்கல் வேண்டாம் என்று என்னால் சொல்ல முடியாது. அந்த நானாவாலும் சொல்ல முடியாது.

இரண்டாவது வழிக்கு வருகிறேன். தூரத்து வல்லரசை வைத்து அயலவனைத் தள்ளி நிறுத்துவது. சிறிய நாடுகளின் தலைவர்களுக்கு இந்த வழி எப்போதும் கவர்ச்சியானது. கியூபாவைப் பாருங்கள். 1903இல் குவாண்டனாமோக் குடாவை அமெரிக்காவுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. 1934இல் அதைத் திருத்தி எழுதியபோது, இரண்டு தரப்பும் சம்மதித்தால் அல்லது அமெரிக்கா தானாக விட்டுப் போனால் மட்டுமே குத்தகை முடியும் என்று போட்டுவிட்டார்கள். முடிவுத் திகதி இல்லாத குத்தகை. வருசம் 4,085 டொலர் வாடகை. புரட்சிக்குப் பிறகு 1959இல் ஒரு காசோலையை மாற்றியதோடு சரி, மற்ற எதையும் கியூபா மாற்றவில்லை. படை இன்னும் போகவில்லை. அந்த அயலவனுக்கு எதிராக காஸ்ட்ரோ சோவியத்தைக் கூட்டி வந்தார். 1962 ஒக்டோபரில் ஏவுகணை நெருக்கடி வந்தது. அது தீர்ந்த விதம்தான் எனக்கு முக்கியம். கென்னடியும் குருசேவும் தங்களுக்குள் பேசி ஏவுகணைகளைத் திருப்பி எடுக்க முடிவு செய்தார்கள். காஸ்ட்ரோவிடம் கேட்கவில்லை. தன் மண்ணில் நின்ற ஆயுதத்தைப் பற்றிய முடிவைக் கியூபா மற்றவர்களோடு சேர்ந்து கேள்விப்பட்டது.

எங்களிடமும் இந்த வழியின் வாசனை உண்டு. 1980களில் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன மேற்கு நாடுகளின் பக்கம் சாய்ந்தபோது, திருகோணமலை அமெரிக்கர் கைக்குப் போய்விடும் என்று டில்லி பயந்தது. அந்தப் பயம்தான் 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜயவர்தனவும் பரிமாறிய கடிதங்களில் வரியாக வந்து உட்கார்ந்தது: இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக எந்த நாட்டின் படைப் பயன்பாட்டுக்கும் திருகோணமலையோ வேறு துறைமுகமோ கொடுக்கப்படாது, எண்ணெய்க் குதங்களை இரு நாடும் கூட்டாகச் சீர்செய்து நடத்தும். அதாவது தூரத்து வல்லரசைக் காட்டிப் பயமுறுத்தியதன் விலையாக அயலவனுக்கு எழுத்தில் உரிமை போனது. பிறகு 2014இல் சீன நீர்மூழ்கிக் கப்பல் கொழும்புக்கு வந்தது. 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனக் கம்பனிக்கு 99 வருசக் குத்தகைக்குப் போனது. 2022 ஓகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீன ஆய்வுக் கப்பல் அங்கே வந்தது. ஒவ்வொரு தடவையும் டில்லியின் பிடி தளரவில்லை, இறுகியது. மாலைதீவு 2023இல் இந்தியப் படையினரை வெளியேற்றும் கோசத்தோடு ஒரு ஜனாதிபதியைத் தெரிந்தெடுத்தது. படையினர் போனார்கள், அவர்களுக்குப் பதில் இந்தியத் தொழிநுட்பவியலாளர் வந்தார்கள். 2024 ஒக்டோபரில் அதே ஜனாதிபதி டில்லிக்குப் போய் நாணயப் பரிமாற்ற உதவி வாங்கி வந்தார். அயலவனை மாற்றிக்கொள்ள முடியாது. காணி எல்லையில் உள்ள வேலி மாதிரி, அதற்குப் பக்கத்தில்தான் படுத்து எழும்ப வேண்டும்.

பூட்டி வைப்பதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, செய்து பார்த்தாயிற்று. பவுசர் ஓட்டும் அண்ணை ஒருவரோடு ஒரு நாள் மேல் குதப் பக்கம் போனேன். காட்டுக்குள் தாங்கிகள் யானைக் கூட்டம் மாதிரி நின்றன. பிரித்தானியர் கட்டியவை, ஒவ்வொன்றும் 12,000 கன மீற்றர் அளவு கொள்ளும். சுவரில் துரு கறுப்பும் சிவப்புமாக வழிந்திருந்தது. மரவேர் ஒன்று தாங்கியின் அடித்தகட்டைத் தூக்கி உள்ளே போயிருந்தது. மேலே குரங்கு ஓடும்போது வெறுந்தாங்கி தகரக் கூரை மழை மாதிரி ஒலித்தது. ஒன்று மட்டும் வேறு மாதிரி. 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானம் மோதி எரிந்த தாங்கி. இரும்பு மெழுகு போல உருகி மடிந்து கிடக்கிறது. "தம்பி, சண்டைக்கு எரிஞ்சது ஒண்டு. சும்மா விட்டே அழிஞ்சது எத்தினை?" என்று அண்ணை கேட்டார். பூட்டி வைத்ததால் அயலவனும் மறக்கவில்லை, நாங்களும் சம்பாதிக்கவில்லை. பின்லாந்து மாதிரி ஊரே ஆயுதப் பயிற்சி எடுத்து முள்ளம்பன்றியாக நிற்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அந்த நாட்டின் முள் வெளியே பார்த்து நிற்கிறது. எங்கள் நாட்டுப் படைமுகாம்களின் முள் பெரும்பாலும் உள்ளே பார்த்து நிற்கிறது. இந்த மாவட்டத்தில் வீதியில் போகிறவருக்கு அதை விளக்கத் தேவையில்லை.

நான்காவது வழியைத்தான் நான் தெரிந்தெடுக்கிறேன். அதற்கு உதாரணம் பால்டிக் கடலில் இருக்கும் ஓலண்ட் தீவுகள். செவஸ்தபோலை நாசமாக்கிய அதே கிரைமியப் போர் முடிந்து 1856இல் பாரிசில் சமாதானம் எழுதியபோது, ஓலண்டில் கோட்டை கட்டக் கூடாது, படை வைக்கக் கூடாது என்று எழுதினார்கள். 1917இல் பின்லாந்து தனி நாடானது. ஓலண்ட் மக்கள் பேசுவது சுவீடிஷ், அவர்கள் சுவீடனோடு சேர விரும்பினார்கள். எங்கள் கதையின் தொடக்கம் மாதிரியே இருக்கிறது. 1921இல், ஐ.நா.வுக்கு முன்னிருந்த சர்வதேச சங்கம் தீர்ப்புச் சொன்னது: தீவு பின்லாந்துக்கே. ஆனால் மொழி, பண்பாடு, காணி மூன்றுக்கும் காவல் கொடுக்க வேண்டும். தீவுக்குச் சொந்த நாடாளுமன்றம். சுவீடிஷ் மட்டுமே ஆட்சிமொழி. வெளியார் நினைத்தபடி காணி வாங்க முடியாது. அதே வருசம் பத்து நாடுகள் சேர்ந்து, அங்கே ஆயுதம் வைப்பதில்லை, போரில் அதை இழுப்பதில்லை என்று ஒப்பமிட்டன. ஏறக்குறைய 30,000 பேர் வாழ்கிறார்கள். கப்பல் தொழிலில் நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். பின்லாந்து 2023 ஏப்ரல் 4இல் நேட்டோவில் சேர்ந்த பிறகும் ஓலண்டின் ஆயுதமற்ற நிலை அப்படியே இருக்கிறது.

இதை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியும் என்று நான் சொல்லவில்லை. ஓலண்டில் ஒரே சமூகம். இங்கே தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று மூன்று பேர், மூன்று பயம். எங்கள் காவலுக்கென்று எழுதுவது மூதூர் முஸ்லிம்களையும் கந்தளாய்ச் சிங்களவரையும் பயப்படுத்தினால் அது காவல் அல்ல. இலங்கைக் கடற்படையின் கிழக்குத் தலைமையகம் இங்கேதான். அது போகாது, போகச் சொல்லி நானும் கேட்கவில்லை. ஓலண்டின் ஒப்பந்தமும் போர்க்காலத்தில் தள்ளாடியது, 1939இல் பின்லாந்தே படையை அனுப்பியது. காகிதம் மட்டும் காவல் நிற்காது என்பதற்கு எல்லையை மதிப்போம் என்ற 1994 புடாபெஸ்ட் உறுதிமொழியைக் கையில் வைத்திருக்கும் உக்ரேனைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கிரைமியாவுக்கும் தன்னாட்சி இருந்ததே, அது காப்பாற்றியதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். கிரைமியாவில் தன்னாட்சி இருந்தது, கூடவே அந்நியப் படையும் இருந்தது. ஓலண்டில் தன்னாட்சி இருக்கிறது, படை இல்லை. எங்களிடம் இன்று அந்நியப் படை இல்லை, தன்னாட்சியும் இல்லை. இரண்டில் ஒன்று குறைந்தாலும் கதவு ஆடும். பெரிய நாடு சின்ன நாட்டுக்குள் நுழையும்போது பெரும்பாலும் உள்ளே மனம் நொந்து கிடக்கும் ஒரு கூட்டத்தைக் காட்டித்தான் நுழைகிறது. 2008இல் ஜோர்ஜியாவுக்குள் ரஷ்யா தென் ஒசேத்தியாவைக் காட்டி நுழைந்தது. 1987இல் இந்தியா எங்களைக் காட்டி நுழைந்தது. எங்கள் நோவு பொய்யல்ல. அதனால்தான் அந்தக் கதவு அவ்வளவு இலேசாகத் திறந்தது.

1987 ஜூலை 29இன் காகிதங்களை இன்று எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் துறைமுகமும் தாங்கிகளும். மறுபக்கம் மாகாணத்துக்கு அதிகாரம், அதிலிருந்து வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம். தாங்கிப் பக்கம் உயிரோடு இருக்கிறது, ஐ.ஓ.சி. வந்த 2003, பிறகு 2022, 2025 என்று தளிர் விடுகிறது. மக்கள் பக்கம் காய்ந்துவிட்டது. இணைந்த வடகிழக்கை 2006இல் நீதிமன்றம் பிரித்தது. கிழக்கு மாகாண சபைக்குக் கடைசியாக 2012இல் வாக்களித்தோம். 2017இல் அதன் காலம் முடிந்தது. அதன் பிறகு ஆளுநர்தான். கொழும்பு அந்தப் பக்கத்தைக் கைவிட்டது, டில்லியும் தாங்கியைக் கேட்ட அளவு அழுத்திக் கேட்கவில்லை. எங்கள் மாவட்டத்துச் சம்பூரில் 2006இல் போரால் இடம்பெயர்ந்தவர்கள் 2015இல்தான் தங்கள் காணிக்கு வரத் தொடங்கினார்கள். இடையில் அந்த மண்ணில் இந்திய நிலக்கரி மின்னிலையம் என்றார்கள், 2016இல் கைவிட்டார்கள், இப்போது 120 மெகாவோட் சூரியமின் திட்டம். நிலக்கரியைவிட அது நல்லது. ஆனாலும் அங்கே பிள்ளை குட்டியோடு இருப்பவர்களிடம் ஒப்பம் கேட்டவர் யார்?

ஆகவே நான்காவது வழியில் என்ன வேண்டும் என்பதைச் சொல்கிறேன். 1987 கடிதத்தில் "இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக" என்று இருக்கிற இடத்தில், எந்த நாட்டின் படைத்தளமும் வராது என்று எழுத வேண்டும். இந்தியாவும் அதில் அடக்கம். 1971இல் சிறிமாவோ பண்டாரநாயக்க ஐ.நா.வில் கொண்டுபோய் நிறைவேற்றிய இந்து சமுத்திர சமாதான வலயத் தீர்மானம் எங்கள் நாட்டுச் சொத்து, தூசி தட்டினால் போதும். எண்ணெய் வியாபாரத்தில் இந்தியா இருக்கட்டும், ஐக்கிய அரபு இராச்சியம் இருக்கட்டும், இன்னும் வருகிறவரும் வரட்டும். ஒருவர் கையில் மொத்தமாகப் போகாத அளவு பலர் இருப்பது நல்லது. ஒப்பந்தம் எதுவானாலும் மூன்று மொழியிலும் வாசகம் முதலில், கையெழுத்து பிறகு. கூட்டுக் கம்பனியின் சபையில் மாகாணத்துக்கு ஓர் ஆசனமும், வருமானத்தில் மாவட்டத்துக்கு ஒரு பங்கும். குதங்களைச் சுற்றியுள்ள காணியில் கை வைப்பதற்கு முன் பிரதேச மக்களின் சம்மதம்.

இதில் கடைசியை முதலில் செய்யச் சொன்னால் யாரும் செய்யமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒழுங்கை மாற்றுகிறேன். மாகாண சபைத் தேர்தலை வையுங்கள். அதற்கு இந்தியாவின் சம்மதமும் வேண்டாம், சீனாவின் கடனும் வேண்டாம், சட்டமூலம் ஒன்றும் ஒரு திகதியும் போதும். கூட்டுத்தாபனத்திடம் இருக்கும் 24 தாங்கிகளை அந்தச் சபையோடு சேர்ந்து திருத்துங்கள், துருச் சுரண்டுகிற வேலையிலிருந்து வெல்டிங் வரை இந்த மாவட்டத்துப் பொடியன்களை எடுங்கள். மிச்சம் 61 தாங்கிகளுக்கான அடுத்த கையெழுத்து அந்தச் சபை கூடி, மூன்று மொழியிலும் விவாதித்த பிறகு விழட்டும். டில்லிக்காரர் காத்திருப்பார்கள். 1987இலிருந்து காத்திருந்தவர்கள்தானே.